ஊறுகாய் தெளித்த ஞாயிற்றுக்கிழமை

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கும் மற்றவர்கள் செய்கிற முட்டாள்தனத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். படித்தவன் அதற்கு முதலில் ஸ்லைடு போட்டுக் காண்பித்திருப்பான். நான் இருபத்திரண்டு ஸ்லைடு போட்டேன். அதில் நான்கில் கிராஃப் இருந்தது.

நான் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கி, மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். எதை எதோடு எந்த அளவில் கலந்தால் மாத்திரை வயிற்றுக்குள் எத்தனை நிமிடத்தில் கரையும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையின் நடைபாதையில் உறையும் பனிக்கட்டியைக் கரைக்கும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டேன். (யாரும் என்னைக் கேக்கல. நானேதான் கையைத் தூக்கினேன். மறைச்சு என்ன ஆகப்போகுது.)

எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. முதலில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் ஆராதனை நடத்தினோம். ஐயர் ஜெபிக்கக் கண்ணை மூடினால் போதும், மூலையில் இருக்கும் ஐஸ் மெஷின் கடகடவென்று கட்டிகளைக் கொட்டும். (ஐயர் என்பது எங்கள் போதகர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்வோம்.) பிறகு ஒரு பேஸ்மென்ட் கிடைத்தது. அங்கே சுவரெல்லாம் பூஞ்சை. மூன்று கீர்த்தனை பாடி முடிப்பதற்குள் பாதிப் பேர் இருமிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள்.

மூன்றாவதாகத்தான் இந்தக் கோயில் கிடைத்தது. வெள்ளைக்காரர்களின் சின்ன, பழைய கோயில். வண்ணக் கண்ணாடி ஜன்னல், நிஜமான மணி, பின்புறம் ஒரு ஓடை. முதல் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் என் மனைவி ஷீலா அழுதுவிட்டாள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். சுலபமாக அழுகிற ஆள் இல்லை.

அந்தக் கோயில்காரர்கள் சிலபேர்தான், எல்லாரும் வயதானவர்கள். குளிர் முற்றியதும் அவர்கள் பக்கத்து ஊரில் இருக்கும் இன்னொரு கோயிலோடு சேர்ந்துகொள்வார்கள். ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இடம் முழுக்க எங்கள் கையில். கார் நிறுத்துகிற இடத்துப் பனியை ஒரு டிரக்காரர் வந்து தள்ளிவிட்டுப் போவார். நடைபாதையும், வாசலுக்கு ஏறும் சரிவுப் பாதையான ராம்ப்பும் எங்கள் பாடு.

முதல் வருடம் அந்த வேலையை எங்கள் சபையின் சாம் அண்ணன் செய்தார். அவருடைய குடும்பம் பரம்பரையாக விவசாயக் குடும்பம். உப்பு மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நாற்று வயலுக்கு உரம் வீசுவதுபோல் கை நிறைய அள்ளி வீசினார். பனிக்கட்டி போய்விட்டது. வசந்தம் வந்தபோது வாசலில் இருந்த புதர்ச்செடிகளும் போய்விட்டன. எல்லாம் பழுப்பாகிக் கருகி நின்றன.

அப்போதுதான் வால்ட்டர் எங்கள் வாழ்க்கையில் வந்தார்.

வால்ட்டர் அந்தக் கோயிலின் சொத்துப் பராமரிப்புக் கமிட்டித் தலைவர். எழுபத்தெட்டு வயது. பள்ளியில் உயிரியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னால் ஓடுகிற ஓடைதான் அவருக்குப் பேரன், பேத்தி எல்லாம். வாரம் தவறாமல் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி, ஒரு சோதனைக் காகிதத்தைத் தண்ணீரில் முக்கி, உப்பு எவ்வளவு இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்வார். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவர் எங்களைக் கூப்பிட்டு, வகுப்பெடுக்கும் குரலில் சொன்னார். உப்பு தண்ணீரில் கரைந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது. நடைபாதையில் போடுகிற ஒவ்வொரு கைப்பிடியும் வாசல் வடிகால் வழியாக நேரே ஓடைக்குத்தான் போகிறது. வசந்தத்தில் அங்கே தவளைகள் முட்டையிடுகின்றன. அவை உங்களிடம் வந்து புகார் சொல்லப்போவதில்லை. நான் சொல்வேன்.

பிறகு இரண்டு பக்கக் காகிதம் ஒன்றைக் கொடுத்தார். அடுத்த குளிர்காலத்தில் பனிக்கட்டி உறையும் முதல் ஞாயிறன்று தானே வந்து பார்ப்பதாகவும், எங்களோடு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று அதற்குப் பிறகுதான் தங்கள் கோயில் நிர்வாகக் கமிட்டிக்கு எழுதுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐயருக்கு முகம் வெளுத்துவிட்டது. நாற்பது குடும்பம். மறுபடியும் ஐஸ் மெஷினா, பூஞ்சையா? "தம்பி, யாராவது பொறுப்பா இதைப் பாத்துக்கணும்" என்றார் எங்கள் சபைக் கமிட்டிக் கூட்டத்தில். அங்கேதான் நான் கையைத் தூக்கினேன்.

வால்ட்டர் கொடுத்த காகிதத்தின் முதல் பக்கத்தைப் படித்தேன். உப்பை மிகமிகக் குறைத்துப் போடுங்கள் என்றது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. (முதல் பக்கத்துலயே எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு ஒரு நினைப்பு. இந்த நினைப்புக்கு மருந்து எங்க கம்பெனியிலயும் இல்லை.)

அதற்கப்புறம் ஆராய்ச்சியில் இறங்கினேன். உப்பைக் கல்லாகப் போடுவதைவிடக் கரைத்துத் தெளித்தால் மிகக் குறைவாகவே செலவாகும் என்று படித்தேன். இது உண்மை. எங்கோ ஒரு ஊரில் ஊறுகாய் ஃபேக்டரியில் மிஞ்சும் உப்புத் தண்ணீரை வீணாக்காமல் சாலையில் தெளிக்கிறார்கள் என்றும் படித்தேன். இதுவும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து நான் ஒரு மூன்றாவது உண்மையைத் தயாரித்தேன்.

நாற்பது தமிழ்க் குடும்பம். நாற்பது ஃபிரிட்ஜ். ஒவ்வொரு ஃபிரிட்ஜிலும் கதவுப் பக்கக் கடைசித் தட்டில், ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ ஏழு பிளாஸ்டிக் பை சுற்றிக் கொண்டுவந்த ஊறுகாய். மாவடு, நார்த்தங்காய், எலுமிச்சை. சாப்பிடவும் மாட்டோம், கொட்டவும் மனசு வராது. காய் தீர்ந்தபின்னும் அதன் தண்ணீர் இரண்டு வருடம் அங்கேயே இருக்கும். அத்தனையும் உப்பு! ஏற்கெனவே ஒருமுறை பயன்பட்ட உப்பு! புதிதாக ஒரு கல் உப்புகூட வாங்காமல் நடைபாதையைக் காப்பாற்றலாம். இதுதான் என் இருபத்திரண்டு ஸ்லைடு.

கமிட்டி கை தட்டியது. சாம் அண்ணன் மட்டும் "செல்வின், உப்பே போடாம மண்வெட்டியால சொரண்டிட்டா என்ன?" என்று கேட்டார். செடிகளைக் கருக்கிய மனிதர் பேச்சை யார் கேட்பார்கள்? அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

ஆராதனை முடிந்ததும் அறிவிப்புக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஜாடி ஜாடியாக வந்து குவிந்தது. இத்தனை வருடம் கொட்ட மனமில்லாமல் தவித்தவர்களுக்கு ஒரு புண்ணிய காரியம் கிடைத்துவிட்டது. ஒரு ஜாடியின் மூடியில் "அம்மா கடைசியா போட்டது" என்று எழுதி ஒட்டியிருந்தது. அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

பெரிய பங்கு தங்கம் ஆன்ட்டியுடையது. எங்கள் சபைச் சமையலறை அவர் ஆட்சி. திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரர். ஒரு பெயின்ட் வாளி நிறையக் கொண்டுவந்து என் காரில் ஏற்றினார்.

"ஏன்டே செல்வின், இதுல நல்லெண்ணெய் தாராளமா விட்டிருக்கேன் பாத்துக்க. தரையில தெளிச்சா வழுக்காதா?"

"ஆன்ட்டி, எண்ணெய் தண்ணியைவிட லேசு. மேல மிதந்துடும். நான் அதை அள்ளி எடுத்துடுவேன். டென்சிட்டின்னு ஒண்ணு இருக்கு."

"எனக்கு டென்சிட்டி எல்லாம் தெரியாது. நான் ஊத்துனது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

சனிக்கிழமை மதியம் எங்கள் கராஜில் வடிகட்டினேன். வடிகட்ட மெல்லிய துணி வேண்டியிருந்தது. என் கல்யாண வேட்டி கிடைத்தது. பெருங்காயமும் கடுகும் சேர்ந்த வாசனை சுவரைத் தாண்டி வீட்டுக்குள் போய், மெத்தை தலையணையெல்லாம் ஏறிவிட்டது. ஷீலா கதவைத் திறந்து பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, கடைக்குப் போய் ஒரு சின்னப் பை உப்பு வாங்கிட்டு வந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"அது ஓடைக்கு ஆகாது ஷீலா."

"இது மட்டும் ஆகுமா?"

"இது ரீசைக்கிள்டு."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

விஞ்ஞானி என்றால் சோதனை செய்யவேண்டும் அல்லவா? செய்தேன். ஒரு ஐஸ் கட்டியைக் கிண்ணத்தில் வைத்து, அடுப்பின்மேல் ஏற்றி, மேலே மூன்று ஸ்பூன் ஊறுகாய்த் தண்ணீர் விட்டேன். உருகியது. பதின்மூன்று வயது மகள் ப்ரிசில்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

"அப்பா, இட்ஸ் ஆன் த ஸ்டவ்" என்றாள். சூடான அடுப்பின்மேல் வைத்தால் ஒன்றும் ஊற்றாமலேயே ஐஸ் உருகும் என்பது அவள் வாதம். பள்ளிக்கூடத்தில் என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே மிதந்த எண்ணெயைக் கரண்டியால் அள்ளி எடுத்தேன். தண்ணீரை, முதுகில் மாட்டிக்கொள்ளும் மருந்தடிக்கிற ஸ்பிரேயர் டேங்கில் ஊற்றி மூடினேன். அன்று சாயங்காலம் உறைமழை பெய்தது. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிவிடும் மழை. ஐயர் போன் செய்தார். "தம்பி, வால்ட்டர் நாளைக்கு மத்தியானம் வர்றாராம்." கவலையே படாதீங்கய்யா என்றேன்.

இங்கே ஒரு சின்ன விஞ்ஞானம் சொல்லவேண்டும். ஊறுகாயில் கலந்திருக்கும் எண்ணெய் ஒரே சமயத்தில் மேலே வந்துவிடாது. பொறுமையாக, சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும். நான் அள்ளியது முதல் தவணை. மிச்சம் டேங்குக்குள் மேலேறி ஒரு விரற்கடைக்கு நின்றிருந்தது. ஸ்பிரேயரின் குழாயோ அடியிலிருந்து உறிஞ்சும். ஆகவே முதலில் வருவது சுத்தமான உப்புத் தண்ணீர். கடைசியில் வருவது சுத்தமான நல்லெண்ணெய். இதைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எனக்கு மட்டும் மறுநாள் மத்தியானம்தான் உதித்தது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வேலையை ஆரம்பித்தேன். காரை விட்டு இறங்கும் இடத்திலிருந்து தொடங்கி, நடைபாதை வழியாக, ராம்ப் ஏறி, வாசலில் முடிப்பதாகத் திட்டம். அது வேலை செய்தது! முதல் இருபதடிக்குப் பனிக்கட்டி சரசரவென்று விட்டுக்கொடுத்தது. நான் தனியாக நின்று கைதட்டினேன். நடைபாதை முடிந்து ராம்ப்புக்கு வந்தபோது, தெளிப்பு இன்னும் வழவழப்பாக, பொன்னிறமாக, அழகாக வந்தது. கடைசியில் தங்கிய கெட்டிச் சரக்கு, ரொம்ப வீரியமாக இருக்கும் என்று எண்ணி, வாசல்வரை தாராளமாகத் தெளித்தேன்.

முடித்துவிட்டுப் புல்வெளிப் பக்கமாக இறங்கி வந்தால், ஷீலாவும் ப்ரிசில்லாவும் காரிலிருந்து இறங்கி அப்படியே நிற்கிறார்கள்.

"அப்பா," என்றாள் மகள், "இட்ஸ் யெல்லோ."

திரும்பிப் பார்த்தேன். மஞ்சள்தூள். வேட்டியில் காய் தங்கும், கடுகு தங்கும், மஞ்சள் தங்காது. நடைபாதையின் இருபுறமும் வெள்ளைப் பனி முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. அமெரிக்காவில் மஞ்சள் நிறப் பனி என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான் என்பதை மகள் எனக்கு விளக்கினாள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுமாம். நாய் ஒன்றுக்குப் போன இடம். இவ்வளவு பெரிய பரப்பென்றால், ஊரிலுள்ள நாய்களெல்லாம் ஆராதனைக்கு வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து நிஜமாகவே ஒரு நாய் வந்தது. பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெரிய லாப்ரடார். மோந்து பார்த்தது. ஒரு நக்கு நக்கியது. ஏழெட்டுத் தும்மல் தும்மிவிட்டு எஜமானியை இழுத்துக்கொண்டு ஓடியது. அந்தப் பெண்மணி ஓடுகிற ஓட்டத்திலும் திரும்பித் திரும்பி என்னையும், என் முதுகிலிருந்த டேங்கையும் பார்த்துக்கொண்டே போனார். நான் புன்னகை செய்தேன். வேறென்ன செய்ய?

சரியாகப் பன்னிரண்டரைக்குச் சபையார் வர ஆரம்பித்தார்கள். பட்டுப்புடவைக்கு மேல் குளிர்க்கோட்டு, கையில் சமையல் பாத்திரம். அன்றைக்கு ஆராதனைக்குப் பிறகு விருந்து. தங்கம் ஆன்ட்டியும் நான்கைந்து பெண்களும் பின்வாசல் வழியாக நேரே சமையலறைக்குப் போய்விட்டதால் தப்பித்தார்கள். முன்வாசலுக்கு முதலில் வந்தவர் ஐயர். வெள்ளை அங்கி, கையில் வேதாகமம்.

நடைபாதையில் கம்பீரமாக நடந்தார். "தம்பி, ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்றுகூடச் சொன்னார். ராம்ப்பில் ஏறினார். நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடியை அவர் வைக்கவில்லை, ராம்ப்தான் வைத்தது. நின்ற நிலையிலேயே, இரண்டு கையையும் விரித்தபடி, மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, முகம் எங்களை நோக்கி இருக்க, அங்கி பறக்க, கீழே வந்து சேர்ந்தார். விழவில்லை. வேதாகமமும் விழவில்லை. பின்னால் நின்ற யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

ஐயர் ஏதோ தேவதூதன் தாங்கியதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. எனக்கோ அந்த ஒரு நொடியில் டேங்க், குழாய், எண்ணெய், டென்சிட்டி எல்லாம் வரிசையாகப் புரிந்துவிட்டன. "யாரும் ராம்ப்ல கால் வைக்காதீங்க!" என்று கத்தினேன்.

தமிழில் கத்தினேன். அதே நிமிடம் முன்வாசலைத் திறந்துகொண்டு ராம்ப்பின் உச்சிக்கு வந்து நின்றவர் வால்ட்டர். சீக்கிரமே பின்வாசல் வழியாக வந்து உள்ளே ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மஞ்சள் பனியைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தார்.

எழுபத்தெட்டு வயது மனிதர். விழுந்தால் இடுப்பு எலும்பு என்னாகும்? ஒப்பந்தமெல்லாம் மறந்துபோயிற்று. அவரைப் பிடிக்க ராம்ப்பில் பாய்ந்தேன். பாய்ந்தவன் பாய்ந்தபடியே குப்புற விழுந்து, மல்லாந்து, பாய்ந்த வேகத்தில் கால் முன்னே போக அவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் காலையும் வாரிவிட்டேன். நேராக என் வயிற்றின் மேல் உட்கார்ந்தார். அப்புறம் நாங்கள் இருவரும் சேர்ந்து கிளம்பினோம். நான் கீழே, அவர் மேலே. ஆள் ஏறிய கட்டுமரமாகவே போனேன். ராம்ப் முடிந்தும் நிற்கவில்லை. சாம் அண்ணன் கருக்கிய புதர்ச்செடிகளின் எலும்புக்கூட்டில் மோதித்தான் நின்றோம்.

வால்ட்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு முதுகெலும்பின் கடைசிக் கணுவில் விரிசல். (உக்காரும் எலும்பு. ஆறு வாரம் நடுவுல ஓட்டை வச்ச மெத்தையிலதான் உக்காந்தேன். ஆபீஸ் மீட்டிங்குக்கும் அதைத் தூக்கிட்டுப் போனேன்.)

வால்ட்டர் என் வயிற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. கையுறையில் ஒட்டியிருந்ததை மோந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

"பிக்கிள்" என்றேன், மூச்சு வாங்க.

"எதற்காக?"

"தவளைக்காக."

அவர் எழுந்து, வடிகாலைப் பார்த்துக் கையை நீட்டினார். அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். நடைபாதையில் உருகிய தண்ணீர் மேலே எண்ணெய்ப் படலத்தோடு, மஞ்சளாக, வடிகாலை நோக்கி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஆறடி இருந்தது. அது நேரே ஓடைக்குப் போகும் என்று அவர் சொன்னார். திட்டவில்லை. அந்தக் குரலில் இருந்த வருத்தம் திட்டைவிட மோசமாக இருந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் என்று அப்போது சொன்னேன். வலி மட்டும் இல்லை. நாற்பது குடும்பத்துக்கும் ஊரிலிருந்து இத்தனை தூரத்தில் கிடைத்த ஒரு கோயிலை, ஒரு மணியை, நான் என் புத்திசாலித்தனத்தால் எண்ணெய் ஊற்றித் தொலைத்துவிட்டேன். ஐயர் என்னைப் பார்க்கவே இல்லை. அங்கியின் நுனியில் ஏறியிருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து தங்கம் ஆன்ட்டி வந்தார். ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். "நான் சொல்லலியா" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. (அன்னிக்குச் சொல்லல. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டிருக்காங்க.)

"எண்ணெயப் பாத்துட்டு சும்மா என்னத்துக்குடே நிக்கிய?" என்றார். "எண்ணெய் தேச்சுக் குளிச்சா எத வச்சுப் போக்குவோம்? ஏ புள்ள, பஜ்ஜிக்கு வச்சிருக்க கடலமாவு மூட்டைய எடுத்துட்டு வா!"

விருந்துக்கு வாங்கிய கடலைமாவு அத்தனையும் வந்தது. வடிகாலுக்கு முன்னால் முதலில் ஒரு கரை கட்டினார்கள். பிறகு ராம்ப் முழுக்கத் தூவினார்கள். எண்ணெயை மாவு அப்படியே குடித்தது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடலைமாவு, உப்பு, மிளகாய், பெருங்காயம், அளவாகத் தண்ணீர். பத்து நிமிடத்தில் எங்கள் கோயில் ராம்ப் முழுவதும் பஜ்ஜி மாவு தயார். வாழைக்காய் மட்டும்தான் இல்லை.

அதன்பின் நடந்ததை நான் மல்லாந்து கிடந்த நிலையிலேயே பார்த்தேன். (ஷீலா அசையக் கூடாதுன்னுட்டா. நர்ஸ் குரல்ல சொன்னா, பொண்டாட்டி குரல்ல இல்ல. அதனால பயந்துட்டேன்.) பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் தோசைத் திருப்பியோடு இறங்கினார்கள். ஆண்கள் மண்வெட்டி. பிள்ளைகள் குப்பைப் பையைப் பிடித்தார்கள். ஐயர் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மண்டிபோட்டுச் சுரண்டினார். மஞ்சள் பனி ஒரு துளி மிச்சம் இல்லாமல் பைக்குள் போயிற்று. யாரோ ஒரு கீர்த்தனையை ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஆராதனை ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. உண்மையில் அது அங்கேயே தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வால்ட்டர் சுரண்டுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கட்டடத்துக்குப் பின்னால் போய் ஒரு வாளியோடு வந்தார். மணல். பின்பக்கம் ஒரு பச்சைப் பெட்டி நிறைய மணல் வைத்திருக்கிறாராம். முதலில் மண்வெட்டியால் நன்றாகச் சுரண்டு, வழுக்கும் இடத்தில் மணலைத் தூவு, மிகவும் அவசியமானால் நடைபாதை முழுவதற்கும் ஒரு காபி மக் அளவு உப்பு போதும், வேலை முடிந்ததும் மிச்ச மணலைக் கூட்டி அள்ளி வைத்துக்கொள். இவ்வளவுதான் விஷயம். எல்லாம் எழுதிக் கொடுத்தேனே, நீங்கள் படிக்கவில்லையா என்று என்னைக் குனிந்து பார்த்துக் கேட்டார்.

"எங்கே எழுதியிருந்தீர்கள்?"

"இரண்டாம் பக்கத்தில்."

சாம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். படுத்திருப்பவனுக்கு அந்த ஒரு வசதி உண்டு.

போகும்முன் வால்ட்டர் ஓடையில் இறங்கினார். காகிதத்தை முக்கினார். வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார். நோட்டில் எழுதினார். நோட்டை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த இரண்டு வாரம் ஐயர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆனால் நின்றுகொண்டு.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. ஐயர் ஆராதனை நடுவில் எல்லோர் முன்னாலும் பிரித்தார். வால்ட்டர் கமிட்டிக்கு எழுதியிருந்த குறிப்பின் நகலும் உள்ளே இருந்தது. ஓடையில் எந்த மாற்றமும் இல்லை என்றும், இந்த வளாகத்தை யாரும் இப்படி முழங்கால் போட்டுச் சுத்தம் செய்து தான் பார்த்ததில்லை என்றும், இவர்களைப் போகவிட்டால் இழப்பு நமக்குத்தான் என்றும் எழுதியிருந்தார். ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஷீலா மறுபடியும் அழுதாள். இந்த முறை நானும்.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு புதிய பிரிவு சேர்ந்திருந்தது. அதைப் புதிதாக வருபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஐயர் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, வேதபாடம் வாசிக்கும் அதே குரலில், தமிழில் மொழிபெயர்த்து வாசிக்கிறார்.

"பிரிவு பதினான்கு. நடைபாதை, ராம்ப், படிக்கட்டு ஆகியவற்றின்மேல் ஊறுகாயையோ, மாவையோ, மனிதர் உண்ணும் வேறு எந்தப் பொருளையுமோ தெளிக்கவோ தூவவோ கூடாது. உட்பிரிவு அ. பனிக்காலப் பணிகள் எதிலும் டாக்டர் செல்வின் அவர்களை ஈடுபடுத்தக் கூடாது."

வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் நிறுத்துவார். சபை முழுவதும் என் பக்கம் திரும்பி, ஒரே குரலில் "ஆமென்" என்று சொல்லும். எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்பது ஷீலாவின் குரல்தான்.